இலை ஜீப்புக்கு வந்த மஞ்சள் பூ

உ

ஜெகதளா,
வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு.

சகல சௌபாக்கியத்தோடும் வாழ வேண்டிய என் தம்பி தினகரனுக்கு, உன் அக்கா மருதாம்பாள் மாரியம்மன் பாதத்தை நினைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நானும், உங்க மாமாவும், கறவை மாடும் சுகம். தேயிலைதான் சுகமில்லை. விலை விழுந்தது விழுந்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அங்கே நீயும் சசிகலாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் உங்கள் பேரைச் சொல்லித்தான் விளக்குத் திரியைத் தூண்டுகிறேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சசிகலா பாதி படிக்கும் முன்னே அழுதுவிடுவாள். உன் மகள் ராஜப்ரியாவும் மாப்பிள்ளை தீபக்கும் நேற்றுக் காலையில் ஒன்றாகப் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்கள். சன்னலோர சீட்டை மாப்பிள்ளை அவளுக்கு விட்டார், அவள் வேண்டாமென்று அவருக்கே விட்டாள், பின்னாலே மூட்டையோடு நின்ற ஆள் "யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க சாமி"ன்னு கத்தினான். அதைப் பார்த்து அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த ஆள் தன்னைத்தான் கும்பிடுகிறேன்னு பயந்துட்டான்.

தம்பி, அம்மனுக்கு அடுத்தபடி உனக்குத்தான் நான் நன்றி சொல்லோணும். இத்தன சொந்தபந்தம் இருக்கறப்ப, "அக்கா, கல்யாணமாகி வருசம் திரும்பல, பொண்ணு பொட்டியத் தூக்கிட்டு இங்கயே வந்துட்டா, 'அவரு ஆபீசத்தான் கட்டிக்கிட்டாரு, நான் எதுக்கு'ங்கறா, மாப்பிள்ளைகிட்ட கெஞ்சி ரெண்டு நாளு லீவு போட வச்சுருக்கேன், உங்கூட்டுக்கு அனுப்பறேன், மிருகம் பாக்கற டூரு நல்லதா ஒண்ணு பாத்து அனுப்பி எப்படியாச்சும் சேத்தி வச்சுரு, இதுலயும் ஆகலீன்னா வக்கீலுதான்"னு என்னை நம்பிச் சொன்ன பாரு, அந்த நம்பிக்கைக்கு. எல்லாம் அம்மன் செயல்தான். ஆனா என் பங்கும் கொஞ்சம் இருக்குதுன்னு நாலு பேருகிட்ட நீ சொன்னா நான் வேண்டாங்க மாட்டேன். போன்லயே சொல்லிரலாம்தான், பூத்துக்காரன் மீட்டரையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறான், அதான் லெட்டரு.

டூருன்னா இப்ப இங்க பஞ்சமில்ல சாமி. எலை வெல விழுந்ததுல இருந்து பாதி ஊரு டூருக்காரங்களா மாறிப்போச்சு. நம்ம ஜஸ்டஸ் இருக்கானே, ஃபேக்டரியில எலை எடை போட்டவன், ஈரமா இருக்குதுன்னு சொல்லி எடையில தண்ணிக் கழிவு கழிப்பானே, அவனேதான். அவன் இருந்த ஃபேக்டரிய மூடுனதும் கழுத்துல டை கட்டிக்கிட்டு ஒரு ரிசார்ட்டுக்கு நோட்டீசு குடுத்துட்டுத் திரியறான். "புலி வருங்களா தம்பி?"ன்னு கேட்டேன். "நூத்துக்குத் தொண்ணூறு வருங்கம்மா"ன்னான். "மீதி பத்து?"ன்னேன். அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள உங்க மாமா, "அது தண்ணிக் கழிவு"ன்னுட்டாரு. சர்க்காரு வேனு ஒண்ணு இருக்குது, நல்ல வண்டிதான், ஆனா பெருசு. இதுங்க முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு உக்காந்துக்கும். அதுக்கு ஒண்ணு பெங்களூர்லயும் ஒண்ணு உங்கூட்டுலயும் இருக்கறதே தேவல. மூணாவது, தோட்டந்தோட்டமா மூட்டைய ஏத்தி ஃபேக்டரிக்குக் கொண்டுபோற நம்மூரு சுடலையோட எலை ஜீப்பு. மூடாம மிச்சமிருக்கற ஃபேக்டரியிலயும் நாளைக்கு இத்தன கிலோதான்னு கோட்டா வச்சு, பாதி நாளு எலை எடுக்கறதில்ல. சும்மா நிக்கற ஜீப்புல பழைய பஸ் சீட்டு ரெண்டப் போட்டு, சைடுல ஒரு புலியும் வரஞ்சு வச்சுருக்கான். உங்க மாமா அதப் பாத்துட்டு, "இது புலியில்ல, மஞ்சத்தண்ணி ஊத்துன கெடா, எப்ப தலைய ஆட்டலாம்னு நிக்குது"ங்கறாரு.

எனக்கு மனசு ரிசார்ட்டு மேலதான். சும்மாவே ஒரு தோள்பை தர்றாங்களாம். ஆனா ஒரு குடும்பம் ஒட்டறதா அறுந்துபோறதாங்கற காரியத்துல நம்ம இஷ்டத்துக்கு முடிவு பண்ணலாமா? பூவாக்கு கேட்டுரலாம்னு கோயிலுக்குப் போயிட்டேன். பூசாரி இருளப்பன் தலையிலயே அடிச்சுக்கிட்டாரு. "ஏனுங்க அம்மிணி, பொண்ணு எடுக்கலாமா, கெணறு வெட்டலாமான்னு வெள்ளப்பூவும் செவப்புப்பூவும் வச்சுக் கேப்பாங்க. எந்த ஜீப்புல போறதுன்னு அம்மன்கிட்ட யாருங்க கேப்பாங்க?" "அம்மனும் சிங்கத்து மேலதானுங்க போறா, வண்டிய பத்தி அவளுக்குத் தெரியாதுங்களா?"ன்னேன். மனுசன் பூக்கூடைய எடுத்துட்டு வந்தாரு. வெள்ள அரளி ரிசார்ட்டுக்கு, செவப்பு அரளி சர்க்காரு வேனுக்கு, மூணாவதுக்கு வேற பூவில்லாம மஞ்ச சாமந்தி, தனித்தனியா எலையில மடிச்சு அம்மன் காலடியில போட்டு ஒரு சின்னப் புள்ளைய விட்டு எடுக்கச் சொன்னோம். மஞ்சப்பூ. "அம்மா தாயே, நல்லா யோசிச்சியா?"ன்னு இன்னொருக்காக் கேட்டேன். மறுபடியும் மஞ்சப்பூ. மூணாந்தடவ கேக்கப் போனேன், பூசாரி கதவச் சாத்திட்டாரு.

சரி, அவ வாக்குன்னு கெளம்பிட்டோம். சின்னஞ்சிறுசுகளத் தனியா அனுப்பலாமான்னு நானும் உங்க மாமாவும் தொணைக்கு. தனியா அனுப்பறதுதான் டூருங்கறது எனக்கு ஊட்டி தாண்டுனதுக்கப்புறந்தான் உறைச்சுச்சு. கெளம்பறப்ப ராஜப்ரியா இந்தக் கோடியில, மாப்பிள்ளை அந்தக் கோடியில, நடுவுல உங்க மாமா முறுக்குத் தின்னுட்டு. ஆனா ஊட்டி வர்றதுக்கு முன்னாலயே அம்மன் வேலைய ஆரம்பிச்சுட்டா தம்பி. சுடலைக்கு இத்தன வருசப் பழக்கம் பாரு, வழியில எலை எடுக்கற ஷெட்டு எங்க வந்தாலும் அவன் காலு தானா பிரேக்கு மேல போயிருது. மொத ஷெட்டுலயே பக்கத்துத் தோட்டத்து வீரம்மா எலை மூட்டையோட நிக்கறா. "சுடலை, ஃபேக்டரிப் பக்கந்தான போற? புண்ணியமாப் போவுது, இதப் போட்டுரு." அவனுக்கு இல்லீன்னு சொல்ல வாய் வரல. அடுத்த ஷெட்டுல ரெண்டு மூட்ட. அதுக்கடுத்த ஷெட்டுல கேக்கவே இல்ல, ஏத்திட்டாங்க. ஃபேக்டரிக்குப் போனா, கேட்டுல "இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுது, நாளைக்கு வா"ங்கறான். அப்புறம் என்ன, மூட்டையும் எங்களோட சேந்து புலி பாக்கக் கெளம்பிருச்சு. உங்க மாமா முன்னால என்கிட்ட வந்துட்டாரு, பின்னால ஒரு சீட்டு முழுக்க மூட்ட, மிச்சமிருக்கற ஒரு முழம் எடத்துல இதுங்க ரெண்டும்.

கல்லட்டி எறக்கத்துல மொத பேச்சு விழுந்துச்சு. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க." "எங்க தள்றது? வெளிய தொங்கட்டுமா?" "தொங்குங்க. உங்க ஆபீசுக்காரங்க யாராச்சும் வந்து புடிச்சுக்குவாங்க." சண்டதான், இருந்தாலும் பேச்சு பேச்சுதான? நான் முன்னால உக்காந்து வெபூதியத் தொட்டு நெத்தியில வச்சுக்கிட்டேன்.

மசினகுடி தாண்டி பொக்காபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் போற வழியில மாப்பிள்ளையோட செல்போனு செத்துப்போச்சு. சிக்னல் இல்லியாம். அத வானத்துக்குத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு, சூடம் காட்டற மாதிரி. அப்பப் பாத்து சுடலை வண்டிய நிறுத்திட்டான். "சார், எலை சூடேறுது. மூட்டையப் பிரிச்சு ஒதறிப் போடோணும், இல்லாட்டி செவந்து போயிரும், எல்லார் பொழப்பும் போச்சு." புளியமரத்தடியில தார்ப்பாய விரிச்சு எல்லாருமா எலைய ஒதறுனோம். மாப்பிள்ளை ஒதறுற அழகப் பாத்துட்டு ராஜப்ரியா, "ஐயோ, கம்ப்யூட்டரத் தட்டற மாதிரி தட்டாதீங்க, இப்படி அள்ளி ஒதறுங்க"ன்னு அவரு கையப் புடிச்சே காட்டிக் குடுத்தா. அவரும், "நீ சொல்றப்பவே கத்துக்கறேனா இல்லியா, மெல்லச் சொல்லு"ன்னாரு. அதுவரைக்கும் நாங்க பாத்த மிருகம் மானும் கொரங்குந்தான், எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு.

அப்ப வந்துச்சு தம்பி, கொம்பன் ஆனை. புதருல இருந்து சத்தமே இல்லாம, நம்மூரு தேரு மாதிரி. எல்லாரும் ஜீப்புக்குள்ள தாவிட்டாங்க. எனக்கு மனசு வரல. தெனமும் கல்லுல கும்புடற பிள்ளையாரு காலும் கையுமா எதுக்க வந்து நிக்கறப்ப முதுகக் காட்டிட்டு ஓடலாமா? செருப்பக் கழட்டுனேன். நெத்தியில குட்டிக்கிட்டேன். காதப் புடிச்சுக்கிட்டுத் தோப்புக்கரணம் போட ஆரம்பிச்சுட்டேன். "ஏ புள்ள, ஏறித் தொலையேன்!"னு உங்க மாமா உள்ளயிருந்து கொசுவாட்டம் கத்தறாரு. "பாதியில விட்டா தெய்வக்குத்தமுங்க"ன்னு நானும் மெல்லச் சொல்லிட்டு, முட்டி வலியோட எறங்கி ஏறிட்டிருக்கேன். அது என்னைப் பாத்துச்சு. தார்ப்பாய்ல இருந்து ஒரு பிடி எலைய எடுத்துச்சு, மோந்துச்சு, ஃபேக்டரிக்காரன் மாதிரியே கீழ போட்டுட்டு ரோட்டத் தாண்டிப் போயிருச்சு. அதுக்கும் தண்ணிக் கழிவு இருக்கும்போல.

திரும்பிப் பாத்தா, உன் மக சிரிப்ப அடக்க முடியாம மாப்பிள்ளை தோள்ல மூஞ்சியப் புதைச்சுட்டிருக்கா, சத்தம் வரக்கூடாதுன்னு அவரு கையால அவ வாயப் பொத்திட்டு அவரும் குலுங்கறாரு. ரெண்டு பேரு கண்ணுலயும் தண்ணி. அந்தக் கை வாயில இருந்து எறங்கி அவ தோளுக்கு வந்துச்சு, ஊடு வந்து சேர்ற வரைக்கும் அங்கயே இருந்துச்சு. நான் பாக்காத மாதிரி பாத்துட்டே வந்தேன். வழியெல்லாம் மாப்பிள்ளை சுடலைகிட்ட, வண்டி எப்படி ஓடுது, டூருக்கு ஆளுங்க எப்ப வருவாங்க, இந்த மாதிரி ஜீப்பு இன்னும் யாருகிட்ட இருக்குதுன்னு எவ்வளவு மரியாதையா விசாரிச்சாரு தெரியுமா! பெங்களூர் படிப்பு படிச்ச புள்ளைக்கு என்ன ஒரு பணிவு! எலையும் கெடல. அடுத்த நாளே ஃபேக்டரியில எடுத்துக்கிட்டாங்க.

ஆகையினால தம்பி, இப்படிப்பட்ட மாப்பிள்ளையத் தேடிப் புடிச்ச உனக்கும், விழுந்து கெடந்தாலும் மூட்டையா வந்து குடும்பத்த ஒட்டவச்ச தேயிலைக்கும், இல்லீன்னு சொல்லத் தெரியாத சுடலைக்கும் என் நன்றி. வக்கீலு வேண்டாம்னு சொல்லிரு. சசிகலாவுக்கு என் அன்பு, முட்டிக்குத் தைலம் இருந்தா அனுப்பச் சொல்லு. உன் குலம் ஆல்போல் விரிஞ்சு, வாசல்ல என்னிக்கும் கோலம் காயாம இருக்க அம்மன் காப்பா.

இப்படிக்கு, உன் நலம் வேண்டும் அக்கா,
மருதாம்பாள்

பின்குறிப்பு: இந்த லெட்டர உங்க மாமா போஸ்டு பண்ணாம ஒரு வாரமா சட்டப்பையிலயே வச்சுட்டுச் சுத்திருக்காரு. அதுவும் நல்லதுக்குத்தான்னு நெனைக்கறேன், ஏன்னா இன்னிக்கு மத்தியானம் மாப்பிள்ளையும் ராஜப்ரியாவும் ரெண்டு பெரிய பொட்டியோட வந்து எறங்கிட்டாங்க. மாப்பிள்ளை வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாராம். சுடலையோட கூட்டுச் சேந்து ஜீப்பு டூரு நடத்தப் போறாங்களாம். வர்றவங்களுக்கு மூட்டைக்கு நடுவுல சீட்டு, மரத்தடியில எலை ஒதறுறது, எல்லாம் உண்டு. நோட்டீசுல நான் தோப்புக்கரணம் போடறதும் உண்டுன்னு அச்சடிக்கப் போறாராம். "நல்லா யோசிச்சுட்டியா கண்ணு?"ன்னு ராஜப்ரியாகிட்டக் கேட்டேன். "கல்யாணமானதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட மொத விசயம் இதுதான் அத்த"ங்கறா. மேல என் பங்கும் கொஞ்சம் இருக்குதுன்னு எழுதியிருக்கேன் பாரு, அத நான் அடிச்சுட்டேன், நீயும் மனசுல அடிச்சுரு. பூ எடுத்தது அந்தச் சின்னப் புள்ள. நீ கோவமா வர்றதா இருந்தா பூசாரியப் போயிப் பாரு. உங்க மாமா மட்டும் எலைய ஒதறிக்கிட்டே, "உன் தம்பி சேத்தி வைக்கத்தான சொன்னான்? சேத்தியாச்சு, எங்க வைக்கறதுன்னு அவன் சொல்லலியே"ங்கறாரு.