டீச்சரின் பல்செட்டும் என் மானமும்

இனிமேல் எதையும் தொலைப்பதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று சபதம் எடுத்தேன். வாயில் பிரஷ், கண்ணில் வீரம். வாயைக் கொப்பளித்த ஈரம் காய்வதற்குள் ஒரு பல்செட்டைத் தொலைத்துவிட்டேன்.

என் பல்லாக இருந்தால் போகட்டும், பொக்கை வாயோடு காலத்தை ஓட்டியிருப்பேன். தொலைந்தது பின் தெரு ரிட்டயர்டு டீச்சருடைய பல். மேல்வரிசை, கீழ்வரிசை, முழு செட்.

அவர் பல்லுக்கு என் வீட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். எங்கள் பட்டறையில் மெழுகில் பல்லை அடுக்கி, வார்த்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவோம். என் கை நல்ல கை. பல் அடுக்க உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. ஆனால் அடுக்கி முடித்த பல்லை டப்பாவில் போட்டுப் பேர் எழுதி வை என்றால் அங்கேதான் தகராறு. பேனா தேடப் போவேன். கத்தரி கிடைக்கும். கத்தரியைப் பார்த்ததும் வெட்ட வேண்டியது ஒன்று ஞாபகம் வரும். பட்டறையில் எனக்கு 'அரைவேலை' என்று பேர். முழு நாளும் வேலை பார்க்கிறவனுக்கு அரைவேலை!

இதற்காக, யாருக்கும் தெரியாமல் ஒரு மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நிறையக் கேள்வி கேட்டார். பாதிக் கேள்வியில் நான் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஏணியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதுக்குப் பேரு கவனக்குறைபாடு. சின்ன வயசிலேர்ந்தே உங்களுக்கு இருந்திருக்கு. நீங்க சோம்பேறியும் இல்ல, பொறுப்பில்லாதவரும் இல்ல" என்றார். அவர் அறையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. லிஃப்டில் இறங்கி வாசலுக்கு வருவதற்குள் அந்த நிம்மதி மொத்தமும் வெட்கமாக மாறிவிட்டது. சோம்பேறி என்ற பேர் எனக்குப் பழகிப்போனது. இந்த வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வைக்கிற பேரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு எப்படிப் போவது?

"அடுத்த தடவை வரும்போது உங்க மனைவியையும் கூட்டிட்டு வாங்க" என்று வேறு சொல்லியிருந்தார். நான் அவளிடம் மூச்சு விடவில்லை. அடுத்த தடவையையும் மறந்துவிட்டேன். மறதிக்காரனுக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் போய் "மறந்துட்டேன் டாக்டர்" என்று எப்படி நிற்பது? அதோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவன் தான்தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பான். எங்கள் குடும்பமும் அதே வண்டிதான்.

சரி, பல்லுக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் டீச்சருக்குப் பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து பாராட்டுக் கூட்டம் வைத்திருந்தார்கள். டீச்சர் மேடையேறிப் பேச வேண்டும். பின் தெருதானே, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று முதல் நாளே செட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன்.

காலையில் டப்பாவைத் திறந்து பல்லைக் குழாயில் அலசினேன். குழாய் சொட்டியது. வாஷர் போயிருக்கிறது, இப்போதே மாற்றிவிடலாமே என்று ஸ்பேனரைத் தேடினேன். கருவிப் பெட்டியில் ஸ்பேனர் இல்லை; எப்போதோ காணாமல்போன நாற்காலி ஸ்க்ரூ இருந்தது. ஆகா என்று நாற்காலியைக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டடை. துடைப்பம் எடுக்கப் போகிற வழியில் தாகம் எடுத்தது. தண்ணீர் குடித்தேன். பிறகு எதற்காகப் புறப்பட்டேன் என்பது மறந்து, பேப்பரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலிதான் கவிழ்ந்து கிடந்ததே!

மனைவி கிளாஸுக்குக் கிளம்பி வந்தாள்.

"டீச்சர் பல்லைக் கொடுத்தாச்சா?"

"இதோ, கிளம்பிட்டேன்."

"தரையில உக்காந்தபடியா?"

"ஷூ போடறதுக்காக உக்காந்தேன்."

"பத்திரம். டீச்சருக்கு இருக்கறது அந்த ஒரு வாய்தான்" என்று சொல்லிவிட்டு, கைப்பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போனாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். டப்பா இருந்தது. திறந்தேன். காலி.

குழாயடி, மேஜை, ஜன்னல் விளிம்பு, என் சட்டைப்பை, எங்கேயும் இல்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. டீச்சர். பல் இல்லாததால் அவர் பேச்சில் 'ச' எல்லாம் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, ஹெட் ரெடியா?"

"ரெடி டீச்சர். கையிலதான் வெச்சிருக்கேன்."

"ஹாயங்காலம் பேஹணும் தம்பி. அதான் கொஞ்ஹம் அவஹரம்."

"இதோ வந்துட்டேன் டீச்சர்."

பொய். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற பொய் அது! பட்டறையில் 'இதோ', வீட்டில் 'இதோ'. போனை வைத்ததும் எனக்கே என் முகத்தைப் பார்க்கக் கூசியது. இரண்டு பல்வரிசையை ஒரு காலைப்பொழுது பத்திரமாக வைத்திருக்கத் தெரியாத ஆள் நான். இதை வெளியே சொல்லலாமா?

சோஃபாவுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி திரும்பி வந்துவிட்டாள்.

"என்னங்க தேடறீங்க?"

"தேடறேனா? யாரு சொன்னா? சுத்தம் பண்றேன்."

"சோஃபாவுக்குக் கீழயா?"

"அங்கதானே அழுக்கு."

"கல்யாணமானதிலேர்ந்து அந்த அழுக்கு அங்கதான் இருக்கு. இன்னிக்கு என்ன திடீர்னு அது மேல பாசம்?"

"மனுஷன் திருந்தக்கூடாதா?"

"தாராளமா திருந்துங்க. அப்படியே அந்த மூலையையும் துடைச்சிடுங்க."

துடைத்தேன். அவள் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த வீட்ல எது காணாமப் போனாலும் கடைசியில பரண் மேலதான் இருக்கும்" என்று பொதுவாகச் சொன்னாள்.

"எனக்கு எதுவும் காணாமப் போகலையே!"

"நான் உங்களைச் சொல்லல. பொதுவா சொன்னேன்."

கொஞ்ச நேரம் கௌரவத்துக்காகப் பொறுத்துவிட்டுப் பரண் மேல் ஏறினேன். உடைந்த குடை, ஓடாத மின்விசிறி, மூடி இல்லாத பாத்திரம், பாத்திரம் இல்லாத மூடி என்று எல்லாவற்றையும் இறக்கித் தட்டி அடுக்கினேன். பல் இல்லை.

"செருப்பு அலமாரி ரொம்பக் குப்பையா இருக்கு" என்றாள். அதையும் காலி செய்தேன். "ஃபிரிஜ்ஜுக்குள்ள ஒரு மாதிரி வாடை வருது" என்றாள். எல்லாத் தட்டையும் கழற்றிக் கழுவினேன். கழுவும்போதுதான் ஒரு பயங்கரமான யோசனை வந்தது. அலசும்போது பல் தொட்டியின் ஓட்டை வழியாகப் போயிருந்தால்? தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து, பரணில் கிடைத்த ஸ்பேனரால் குழாயைக் கழற்றினேன். அடைப்பெல்லாம் என் முகத்தில் இறங்கியது. பல் மட்டும் வரவில்லை. படுத்ததுதான் படுத்தோம் என்று சொட்டுகிற குழாய்க்கு வாஷரும் மாற்றினேன்.

மறுபடி டீச்சரிடமிருந்து போன்.

"தம்பி, அவசரமே இல்ல. சாவகாசமா செய்யுங்க. ஆனா எதைச் செஞ்சாலும் சுத்தமா செய்யுங்க, என்ன?"

"சரிங்க டீச்சர்."

இவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றுகிறோமே! சாயங்காலம் ஊர் கூடியிருக்கும் மேடையில் அவர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நிற்கிற காட்சி கண்முன் வந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. முகத்தைக் கழுவினேன்.

"கடைக்குப் போயிட்டு வரேன்" என்றேன்.

"எந்தக் கடைக்கு?"

"கடைக்கு."

"சரி" என்றாள்.

பின் தெருவுக்கு நேராகப் போகத் தைரியம் வரவில்லை. எங்கெங்கோ சுற்றினேன். என்னைத் தாண்டி ஒரு ஸ்கூட்டர் போனது மாதிரி இருந்தது. நான் எப்போது எதைக் கவனித்தேன், அதைக் கவனிக்க? கடைசியில் டீச்சர் வீட்டு மணியை அடித்தேன். கதவு திறந்தது. நான் தலையை நிமிர்த்தவே இல்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"டீச்சர், மன்னிச்சிடுங்க. உங்க பல்லைத் தொலைச்சிட்டேன். கையில இருக்குன்னு பொய் சொன்னேன். வேணும்னு தொலைக்கல டீச்சர். எனக்குக் கவனம் நிக்காது. டாக்டர் அதுக்கு ஒரு பேர்கூடச் சொல்லியிருக்கார். வெட்கப்பட்டுக்கிட்டு என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. அவ என்னைப் பொறுப்பில்லாதவன்னு திட்டினாக்கூடப் பரவாயில்ல, அது பழகிடுச்சு. பாவம்னு பார்த்தா என்னால தாங்க முடியாது. அதான் மறைச்சேன். இப்பவே பட்டறைச் சாவியை வாங்கிட்டு வந்து, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சதைச் செய்யறேன்."

மெதுவாக நிமிர்ந்தேன்.

டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். முத்துக் கோத்த மாதிரி இரண்டு வரிசை. நான் அடுக்கிய பல்! அது என்னைப் பார்த்து இளித்தது.

"சூப்பரா பொருந்தியிருக்கு தம்பி. உள்ள வாங்க" என்றார்.

உள்ளே என் மனைவி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. கப்பை வைத்துவிட்டு எழுந்து, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வர, நான் பக்கத்தில் குற்றவாளி மாதிரி நடந்தேன்.

"பல்லு உனக்கு எங்க கிடைச்சுது?"

"காலையில பால் எடுக்க ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். பல் இருந்துச்சு. பாலுக்கும் பல்லுக்கும் ஒரு கால்தானே வித்தியாசம்?"

தண்ணீர் குடிக்கப் பாட்டில் எடுத்த இடம்!

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்களே 'காணோம்'னு ஒரு வார்த்தை சொல்றீங்களான்னு பார்த்தேன். கிளாஸ் முடிஞ்சு வர்ற வழியில கொடுத்துட்டுத்தான் வீட்டுக்கே வந்தேன். டீச்சர் ரெண்டாவது தடவை பேசினப்ப 'ச' எல்லாம் எவ்வளவு சுத்தமா வந்துச்சு! அதைக்கூடக் கவனிக்கலையா?"

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நானே ஆரம்பித்தேன்.

"அந்த டாக்டர் விஷயம்..."

"தெரியும்."

"எப்படி?"

"ஆஸ்பத்திரியில உங்க நம்பரைக் கேட்டா என் நம்பரைக் கொடுத்திருக்கீங்க."

என் நம்பர் எனக்கு என்றைக்கு ஞாபகம் இருந்தது? மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவளுடையதுதான்.

"ஏன் வரலைன்னு கேட்டு எனக்கு போன் பண்ணாங்க. நீங்க மறந்த நாளைக்குப் பதிலா ஒரு நாள் கொடுத்தாங்க. நான் போனேன். அதுக்கடுத்த தடவையும் நான்தான் போனேன்."

"டாக்டர் என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

"ஒரு வார்த்தை சொல்லல. 'அவர் அனுமதியில்லாம சொல்லமாட்டேன், நீங்க சொல்லுங்க, கேக்கறேன்'னார். சொன்னேன். வெளிய காத்திருந்தவங்க கதவைத் தட்டற வரைக்கும் சொன்னேன்."

"அவமானமா இருந்திருக்குமே உனக்கு."

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அவமானமா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். இத்தனை வருஷம் கூட இருந்துட்டு, என்கிட்ட சொல்லக்கூட உங்களுக்குப் பயமா இருந்துச்சே. அது."

கைக்குட்டைக்காகப் பையில் கையை விட்டேன். ஸ்பேனர் வந்தது. அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். இனிமேல் எதையும் மறைக்கமாட்டேன் என்று விம்மலோடு சொன்னேன். அடுத்த தடவை இரண்டு பேரும் சேர்ந்தே போவதென்று முடிவானது.

வீட்டுக் கதவைத் திறந்தோம். கூடம் பளபளவென்று இருந்தது. பரண் படம் வரைந்த மாதிரி இருந்தது. குழாய் சொட்டவில்லை. என் வாழ்நாளில் ஒரே நாளில் நான் இவ்வளவு வேலை செய்ததில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"பொதுவா இந்த மாதிரி உள்ளவங்களுக்கு அவசரம்னு ஒண்ணு வந்தா மூளை நல்லா ஓடும்னு டாக்டர் சொன்னார். நான் நம்பல" என்றாள், ஒவ்வொரு மூலையாக ரசித்துப் பார்த்துக்கொண்டே.

"இப்ப?"

அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. பிறகு என் பக்கம் திரும்பி ரொம்ப அன்பாகக் கேட்டாள்:

"அடுத்த ஞாயித்துக்கிழமை எதைத் தொலைக்கப் போறீங்க? வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்."