அடுகோடித் துறைமுகம்

கடலை நம்பிக் கப்பல் விட்ட நகரங்கள் உலகில் ஏராளம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் இருந்தால் யார் வேண்டுமானாலும் மிதக்கலாம். கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே, குளிக்கவே டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் மேலாண்மையை முதுகலைப் பட்டம்வரை வளர்த்த கீர்த்தி பெங்களூரையே சேரும்.

அந்தக் கீர்த்தியின் இறுதியாண்டு வாரிசுகளில் ஒருவன் ரகுராம். வாணியம்பாடிக்காரன். கடலை வாழ்வில் ஒரே ஒருமுறை, மெரினாவில், முதுகால் பார்த்திருக்கிறான். செல்ஃபி எடுக்கும்போது கடல் பின்னால்தானே இருக்கும். ஆனால் 'கப்பல் மேலாண்மை மற்றும் கடல்சார் பொருளாதாரத்தின் அடிப்படைகள்' என்ற தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். இதில் முரண்பாடு ஏதுமில்லை. பாடம் நடத்திய பாலசுப்ரமணியன் சாரே அல்சூர் ஏரிப் படகில் வாந்தி எடுத்தவர். கிட்டே போய்ப் பார்த்தால் அலைதான் தெரியும், பொருளாதாரம் தெரியாது என்பது அவருடைய சித்தாந்தம். எதுவும் தூரத்திலிருந்தால்தான் துலங்கும். மாணவர்களின் வேலைவாய்ப்பும் அப்படித்தான், வெகு தூரத்தில் மிகத் தெளிவாகத் துலங்கிக்கொண்டிருந்தது.

ரகுராம் தங்கியிருந்தது அடுகோடியில், நாகேஷ் அங்கிளின் பி.ஜி. விடுதியில், இரண்டாவது மாடி. அந்த மாடிக்கு ஒன்பது ஆண்கள், ஒரு குளியலறை. காலை வேளையில் அதன் வாசலில் நடப்பதை நாகரிகம் என்று யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையும் இடுப்பில் துண்டுமாக நின்று, கதவை உதைத்து, உள்ளே இருப்பவனின் வம்சத்தை விசாரிப்பார்கள். பக்கத்திலேயே இன்னொரு கதவு. அதில் பெரிய பூட்டு. துண்டு மாட்டிக்கொள்ள வசதியான பூட்டு. அந்த மாடியில் ஒரு நாளும் பழுதாகாத சாதனம் அது ஒன்றுதான்.

துறைமுக நெரிசல் பற்றிய பாடம் முடிந்த அன்று ரகுராமுக்கு ஞானோதயம் வந்தது. அவன் தினமும் காலையில் பார்ப்பது குளியலறை அல்ல, துறைமுகம். வாசலில் நிற்பவை கப்பல்கள். உள்ளே நடப்பது சரக்கு இறக்குதல். உடனே சாப்பாட்டு ஹாலில் 'பங்குதாரர் மாநாடு' கூட்டினான்.

மாநாட்டில் அவன் விளக்கியது இது. குறித்த நேரத்துக்குள் சரக்கை இறக்காவிட்டால், கப்பல் வீணாக நின்ற நேரத்துக்குச் சரக்குக்காரர் தண்டம் கட்ட வேண்டும். அதற்கு டெமரேஜ் என்று பெயர். ஆகவே இனி ஒவ்வொருவருக்கும் குளிக்க ஒரு முறை, ஒரு கால அளவு. மீறினால் வெளியே காத்திருப்போருக்கு டெமரேஜ். பணமாக வேண்டாம், பணம் யாரிடமும் இல்லை. ஞாயிறு மதியம் தலைக்கு மூன்று துண்டு சிக்கன் போடுவார்களே, அதில் கழித்துக்கொள்ளலாம். முக்கியமான இன்னொரு விதி: கப்பல் வந்து நின்றால் மட்டும் போதாது, எல்லா வகையிலும் தயார் என்று அறிவிக்க வேண்டும். துண்டு, சோப்பு, பக்கெட், மக் நான்கும் கையில் இருந்தால்தான் 'தயார்' என்று குரல் கொடுக்கலாம்.

தலைமை வகித்த நாகேஷ் அங்கிள் பல் குத்திக்கொண்டே தன் கன்னடத் தமிழில் கேட்டார். "இதெல்லாம் பண்ணா கரென்ட் பில்லு கம்மி ஆகுமாப்பா?"

"ஆகும் அங்கிள்."

"அப்போ சாகு. அஷ்டே போதும்." சபை ஏகமனதாகக் கலைந்தது.

முதல் வாரம் மகத்தான வெற்றி. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் ஞானசேகரன், மாடிக்கே மூத்தவர், எல்லோருக்கும் சேகரண்ணன், குளிக்கப் போனால் பல் தேய்த்து, பனியன் துவைத்து, ஜபமும் முடித்துத்தான் வெளியே வருபவர். அவரே காதுக்குப் பின்னால் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அப்படியும் மூன்று துண்டையும் இழந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெறும் குழம்பைப் பிசைந்தபடி அவர் ரகுராமைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. சீர்திருத்தவாதிகளுக்கு இது பழகிய விஷயம் என்று ரகுராம் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

இரண்டாம் வாரம் சந்தை கண் விழித்தது. காத்திருந்தால் சிக்கன் கிடைக்கும் என்றால் யார்தான் காத்திருக்க மாட்டார்கள்? ஏற்கனவே குளித்தவர்களும், குளிக்கும் உத்தேசமே இல்லாதவர்களும் துண்டும் கையுமாக வந்து நின்றார்கள். முன்பு அவசரமாக நின்ற வரிசை இப்போது ஆசையாக நின்றது.

இந்த இயலை நன்றாகப் படித்தவன் ஜெயராஜ். கால் சென்டரில் நைட் ஷிப்ட் முடித்து, காலையில் வந்து, அப்படியே கட்டிலில் விழுபவன். அவனுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு பண்டிகைகளோடு சம்பந்தப்பட்டது. பயன்படாமல் கிடந்த தன் முறையை அவன் வாடகைக்கு விட்டான். திங்கட்கிழமை ரேட் ஏறும், விடுமுறையில் விழும். விழும்போது மற்றவர்களின் முறையை மொத்தமாக வளைத்துப் போடுவான். மாதக் கடைசியில் பாதி மாடியின் காலைகளும் பாதி மாடியின் கோழிகளும் அவன் வசம். கன்னம் உப்பிவிட்டது. கேட்டால், "ஓடாத கப்பலும் சம்பாதிக்கும்னு நீதானே மச்சி சொன்ன" என்பான்.

ரகுராம் இதையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தான். சராசரிக் குளியல் நேரம் பாதியானதைப் படம் போட்டுக் காட்டியிருந்தான். சராசரிக் காத்திருப்பு நேரம் இரு மடங்கானதைக் காட்டவில்லை, யாரும் கேட்கவில்லை. பாலசுப்ரமணியன் சார் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, நம் துறைக்கு இவன் ஒரு கலங்கரை விளக்கம் என்றார்.

இந்த நிலையில்தான் கல்லூரிக்கு ஒரு கப்பல் கம்பெனி கடிதம் போட்டது. அந்த வருடம் வந்த ஒரே கம்பெனி. பிரேசர் டவுனில் ஆபீஸ். திங்கட்கிழமை காலை நேர்முகம். இது கிடைக்காவிட்டால் வாணியம்பாடியில் மாமாவின் டயர்க் கடை. மாமா ஏற்கனவே அவனுக்காக ஒரு ஸ்டூல் வாங்கி வைத்துவிட்டார்; அதைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை விடிந்தபோதுதான் ரகுராமுக்கு ஒரு சிறு விஷயம் நினைவுக்கு வந்தது. அன்றைய தன் முறையை முந்தின வாரமே ஜெயராஜுக்கு விட்டுக்கொடுத்திருந்தான். ஒரு லெக் பீசுக்காக.

கெஞ்சிப் பார்த்தான். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்த ஜெயராஜ், நண்பன் என்பதால் மனமிரங்கி, ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைச் சிக்கனோடு விட்டான். ரகுராம் துண்டை உதறித் தோளில் போட்டு, "தயார்" என்று குரல் கொடுத்தான்.

வரிசையின் முகப்பில் சேகரண்ணன் நின்றிருந்தார். அவர்தான் இப்போது 'துறைமுக அதிகாரி', ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மெதுவாகத் திரும்பி, அவனை மேலிருந்து கீழே பார்த்தார்.

"மக் எங்க தம்பி?"

"உள்ள இருக்கும்ணே."

"உள்ள இருக்கறது உள்ள இருக்கறவனோடது. எல்லா வகையிலயும் தயாரா இருந்தாத்தான் தயார்னு எழுதினது யாரு?"

"நான்தாண்ணே."

"நல்லா எழுதியிருக்க. போய் எடுத்துட்டு வந்து கடைசில நில்லு."

கடைசிக்கு முந்தின முறைக்காரரான சேகரண்ணன், நேர்முகம் என்று கேட்டு வழிவிட, அவன் உள்ளே நுழைந்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. ஒரு மக் தண்ணீரைத் தலையில் ஊற்றி, ஷாம்பூவை அள்ளித் தேய்த்தான். குழாயைத் திருப்பினான். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

கீழேயிருந்து நாகேஷ் அங்கிளின் குரல் வந்தது. "நீரு இல்லப்பா. டேங்கர் சில்க் போர்டு டிராபிக்ல மாட்டிக்கிச்சாம்."

கண்ணில் எரிச்சலோடு ரகுராம் நின்றான். நங்கூரம் போட்டு நடுக்கடலில் நிற்கும் கப்பல் என்றால் என்ன என்று அன்றுதான் அவனுக்கு விளங்கியது. வெளியே ஜெயராஜ் கதவைத் தட்டி, நேரம் முடிந்துவிட்டது, டெமரேஜ் ஓடுகிறது என்றான்.

"தண்ணி வரலடா."

"புயலடிச்சா விலக்கு உண்டுன்னு எழுதியிருக்க மச்சி. தண்ணி வரலன்னா உண்டுன்னு எழுதல."

நுரையைத் துண்டால் துடைத்துத் துடைத்து எடுத்தான். காய்ந்ததும் முடி விறைத்து நின்றது. ஜெல் போட்டதுபோல ஒரு 'கார்ப்பரேட் தோரணை' வந்துவிட்டதாகவே அவனுக்குத் தோன்றியது. ஜெயராஜ் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட ஒப்புக்கொண்டான், இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு. பாதி வழியில் மழை பிடித்தது. ரகுராமுக்குக் கிடைத்த இரவல் ஹெல்மெட்டில் ஒரு விரிசல். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் அவனையே உற்றுப் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, ஹெல்மெட்டின் எல்லா ஓரங்களிலிருந்தும் வெள்ளையாக நுரை பொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் கழிவு கலந்து ஏரி நுரைத்தால் செய்தியாளர்கள் வருவார்கள். தலை நுரைத்தால் யாரும் வருவதில்லை.

நேர்முக அறையில் சிந்தியா என்ற அதிகாரி மட்டும் இருந்தார். அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, விண்ணப்பத்தில் வாணியம்பாடி என்று பார்த்ததும், எங்க மம்மி ஆம்பூர்தான் என்று தமிழுக்கு வந்தார். அவன் நெற்றியில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"கடல் பார்த்திருக்கீங்களா?"

"நுரை வரைக்கும் பார்த்திருக்கேன் மேடம்."

நெரிசலைச் சமாளித்த அனுபவம் உண்டா என்று கேட்டார். ரகுராமுக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. துறைமுகத்தை நிறுவியது, டெமரேஜ், ஜெயராஜின் கப்பற்படை, மக், சில்க் போர்டு, எல்லாவற்றையும் சொன்னான். டயர்க் கடை ஸ்டூல் கண்முன் வந்து வந்து போனது. சிந்தியா சிரிக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"அந்த மாடில வேற பாத்ரூமே இல்லையா?"

"இருக்கு மேடம். பக்கத்துலயே. பூட்டியிருக்கு. அங்கிள் பழைய மெத்தையெல்லாம் போட்டு வெச்சிருக்காரு."

"சாவி கேட்டீங்களா?"

ரகுராம் யோசித்தான். நான்கு செமஸ்டரையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தான். நேர்மையாகவே பதில் சொன்னான்.

"அது சிலபஸ்ல இல்ல மேடம்."

மாமாவின் ஸ்டூல் அருகில் வந்து நின்றது. சிந்தியா மேஜையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். "எங்க கம்பெனிக்கு வருமானமே கப்பல் காத்து நிக்கற நேரத்துலதான். உங்கள மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். எப்போ சேர முடியும்?"

சாயங்காலம் திரும்பிய ரகுராம் முதல் காரியமாக நாகேஷ் அங்கிளிடம் சாவியைக் கேட்டான். அவர் ஆணியிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தார். "தகோப்பா. யாரும் கேக்கல, நானும் மறந்தே போய்ட்டேன். மெத்தைய மட்டும் மொட்டை மாடில தூக்கிப் போட்டுடு."

மேலே டேங்கர் தண்ணீர் ஏறிய செய்தி பரவி, வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. காலையில் கடைசியில் நின்ற தம்பிக்கு வழிவிட்டு, தன் முறை தவறி, குளிக்காமலே ஆபீஸ் போய்வந்த சேகரண்ணன் முன்னால் இருந்தார். வேலை கிடைத்ததா என்று அவர்தான் முதலில் கேட்டார். கிடைத்தது என்றதும் முகம் மலர்ந்து தோளில் தட்டினார். பேன்ட் பாக்கெட்டில் சாவி தொடையை உறுத்தியது.

ஜெயராஜ் எட்டிப் பார்த்தான். "நாளைக்கு முறை வேணுமா மச்சி? ரேட் ஏறிடுச்சு."

ரகுராம் வரிசையைப் பார்த்தான். எட்டுத் தலைகள்; தலைக்கு மூன்று துண்டு சிக்கன். வேண்டாம் என்று தலையாட்டினான். நிதானமாகப் போய்ப் பக்கத்துக் கதவின் பூட்டில் தன் ஈரத் துண்டை மாட்டி, பூட்டு வெளியே தெரியாதபடி இழுத்துவிட்டான்.

பாலசுப்ரமணியன் சார் சொன்னது சரிதான். இந்தத் தொழிலுக்குக் கடல் தேவையே இல்லை. ஒரு பூட்டு போதும்.