ஒரு எலுமிச்சம்பழ தூரம்

பெருநகர் என்கிற ஊரின் பஸ் ஸ்டாப்பில் போண்டாக் கடை வைத்திருக்கும் சொக்கம்மாள் வாயிலிருந்து புறப்பட்ட சேதி இது: முத்துவேல் தன் காரைத் தானே ஏரியில் தள்ளிவிட்டு, இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பெருநகரில் இரண்டு லட்சமாக இருந்த தொகை, பஸ் ஏறி உத்திரமேரூரில் இறங்குவதற்குள் ஐந்து லட்சமாகிவிட்டது. கேட்டவர்கள் யாரும் அவரைத் திட்டவில்லை. "ஆளு கில்லாடிப்பா" என்றார்கள்.

சேதி பொய். முத்துவேலைக் கில்லாடி என்றது அதைவிடப் பெரிய பொய். உள்ளது உள்ளபடி சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் சேர்ந்த இனத்தை நீங்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இனத்துக்குப் பெயர் படுதாக்காரர்கள். வாங்கிய பொருளை அனுபவிக்க அல்ல, மூடி வைக்கப் பிறந்தவர்கள். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, மெத்தைக்கு அது கடையிலிருந்து வந்த அதே பாலிதீன், சோபாவின் மேல் துண்டு, அந்தத் துண்டு அழுக்காகாமல் இருக்க இன்னொரு துண்டு. இவர்கள் வீட்டில் உட்கார்ந்தால் நாம் சரசரப்போம். இந்த நோய் முற்றினால் கார் வாங்குவார்கள். எதற்கு? ஓட்டுவதற்கா? நல்ல கேள்வி கேட்டீர்கள்.

முத்துவேல் கொஞ்ச காலம் ஓட்டத்தான் ஓட்டினார். ஐந்து வருடத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ பின்கதவில் கட்டைவிரல் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. அன்று சாயங்காலமே வண்டி ஏரிக்கரைச் சரிவில் இருக்கும் பம்புசெட் ஷெட்டுக்குப் போய்விட்டது. ரொம்ப நாள் நிறுத்தப்போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டால் பிடித்துக்கொள்ளும் என்று மெக்கானிக் சொன்னதால், பிரேக்கை விட்டுவிட்டு, நாலு சக்கரத்துக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து, மேலே நீலப் படுதா போட்டு, படுதாவுக்குக் கயிறு கட்டி, கயிற்றுக்கு ஒரு பூட்டும் போட்டார். கயிற்றுக்குப் பூட்டு எதற்கு என்று கேட்கக் கூடாது. வண்டியை ஏன் எடுப்பதில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "என் பொண்ணுக்கு வெச்சிக்கினு கீறன்."

அந்தப் பெண் பூஜாவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலை எழுந்து மூன்று பஸ் மாறிப் போவாள். கார் ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்துவிட்டாள். வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியப்போகிறது, ஜூன் எட்டாம் தேதிக்குள் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும், இரண்டும் ஆனால் கார் தன் கைக்கு வரும் என்று காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தாள். அந்தக் காலண்டரில் முத்துவேல் தினம் ராகுகாலம் மட்டும் பார்த்துக்கொண்டார்.

பொறுக்காமல் அவளே உத்திரமேரூரிலிருந்து ஏஜென்ட் சேட்டுவை வரவழைத்தாள். ஆர்டிஓ ஆபீஸ் வேலைக்கும் இன்சூரன்ஸுக்கும் அந்த வட்டாரத்தில் அவன்தான்.

"அண்ணே, அஞ்சு வருசமா இன்சூரன்ஸ் கட்டாம கீது. மொதல்ல அத்த போட்டாத்தான் மத்த வேல ஓடும்" என்றான் சேட்டு.

"வண்டியே ஓடல. அதுக்கு இன்னாத்துக்கு இன்சூரன்சு? தூங்கிக்கினு கீதுப்பா அது."

"தூக்கத்துல சாவுறவனுக்குந்தான் இன்சூரன்ஸ் தராங்க. நிக்கிற வண்டி மேல மரம் வுழும், திருடன் வருவான், ஏரித் தண்ணி பூந்துடும். எல்லாத்துக்கும் கவர் ஆவும்ணே."

"கவருதான் நானே போட்டுக்கீறனே."

"அது வேற கவரு."

"ஏரி எழுந்து வந்து என் ஷெட்டுல பூருமா? பேச வந்துட்டான்."

கவனியுங்கள், இந்த இடத்தில் முத்துவேல் சொன்னது சத்தியமான வார்த்தை. ஏரி எழுந்து வரவில்லை.

இன்சூரன்ஸ் விட்டுப்போன வண்டி என்பதால் நாலு பக்கமும் போட்டோ வேண்டும் என்றான் சேட்டு. முத்துவேல் வெகுநேரம் யோசித்து, பூட்டைத் திறந்து, கயிற்றை அவிழ்த்து, நம்பர் பிளேட் தெரிகிற அளவுக்குப் படுதாவைத் தூக்கிப் பிடித்தார்.

"முழுசா தூக்கணும்ணே."

"தூசி பூந்துடும். நம்பர் தெரியுதுல்ல? எடு."

"நம்பருக்கு மட்டும் இன்சூரன்ஸ் போட முடியாதுண்ணே" என்று சொல்லிவிட்டு சேட்டு பைக்கை உதைத்தான். ஜூன் எட்டு வந்தது, போனது. படுதாக்காரர் சும்மா இருப்பாரா? காலாவதியான ஆர்சியையும் ஐந்து வருடத்துக்கு முன்னால் செத்துப்போன இன்சூரன்ஸ் பேப்பரையும் எடுத்துப் போய், பழுப்பேறாமல் இருக்க லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்து, வண்டி டாஷ்போர்டில் பத்திரமாக வைத்தார்.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் படுதா கழற்றப்படும். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி அழகு பார்த்தார். போன வருடம் வரைக்கும் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழத்தை வண்டிக்கு முன்னால் வைத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். இந்த வருடம் சக்கரத்தில் நசுங்கினால்தான் திருஷ்டி கழியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பேட்டரி எப்போதோ போய்விட்டது. ஆகையால் பின்னாலிருந்து தள்ள மச்சான் தமிழ்வாணன் வந்தான். முத்துவேல் நாலு செங்கல்லையும் உருவி வெளியே போட்டார். செங்கல் இருந்த இடத்தில் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

"மாமா, உள்ள யார்னா குந்தி பிரேக்குல கால் வெக்கணுமே" என்றான் தமிழ்வாணன்.

"நான் குந்தறேன், லைசென்ஸ் கீது" என்றாள் பூஜா.

"சீட்டு கவர் கசங்கிடும். ஒரு எலுமிச்சம்பழ தூரத்துக்கு டிரைவரு ஒரு கேடா? தள்ளுடா."

தமிழ்வாணன் தள்ளினான். பழங்கள் நசுங்கின. சாறு தெறித்தது. முத்துவேல் கைகூப்பிக் கண்ணை மூடினார். ஐந்து வருடம் கழித்து அசைந்த வண்டிக்கு அந்த அசைவு பிடித்துப்போயிருக்க வேண்டும். வாழைக்கன்று ஆட, மாலை ஆட, கல்யாண மாப்பிள்ளை போல நிதானமாகச் சரிவில் இறங்கியது. தமிழ்வாணன் பம்பரைப் பிடித்து இழுத்தான். பம்பர் கையோடு வந்தது. முத்துவேல் கண்ணைத் திறந்தபோது பொட்டு வைத்த பானெட் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. மழை முந்திக்கொண்ட வருடம். ஏரி நிறைய இருந்தது.

பூஜா அழவில்லை. கரையில் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று, "திருஷ்டி முழுசா கழிஞ்சிடிச்சாப்பா?" என்று கேட்டாள். லீவு முடிந்து விடியற்காலையில் பழையபடி பஸ்ஸுக்குப் போய் நின்றாள்.

டிராக்டர் கட்டி இழுத்தார்கள். கதவைத் திறந்தால் சேறும் ரெண்டு கெண்டையும். இஞ்சின் இனி எழுந்திருக்காது என்று மெக்கானிக் கையை விரித்தான். முழு வண்டியில் ஈரம் படாமல் பிழைத்தவை இரண்டே இரண்டு: லேமினேஷன் போட்ட செத்த ஆர்சி, லேமினேஷன் போட்ட செத்த இன்சூரன்ஸ். வண்டியை ஷெட்டில் நிறுத்தி, நாலு செங்கல் வைத்து, முத்துவேல் புதுப் படுதா வாங்கிப் போட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் என்றைக்கு முடிகிறது? எடுத்துப் பார்க்காமல் சொல்லுங்கள். சீட்டின் மேல் இன்னும் கம்பெனி பிளாஸ்டிக் இருக்கிறதா? அவசரமில்லை, நிக்கிற வண்டிதானே.

போன வாரம் முத்துவேல் சொக்கம்மாள் கடைக்கு டீ குடிக்க வந்தார். அவள் போண்டாவைத் திருப்பிக்கொண்டே, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்:

"இன்னா முத்துவேலு, ஏரில தள்ளிட்டு இன்சூரன்சு பணம் அஞ்சு லட்சம் வாங்கினியாமே?"

வாய் திறக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை கில்லாடியாகவே இருந்திருக்கலாம். ஆனால் தன் பேரில் இப்படி ஓர் அபாண்டம் சுமத்தப்பட்டால் மனிதர் பொறுப்பாரா? டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"எவன் சொன்னான்? நிக்கிற வண்டிக்கு இன்சூரன்சு கட்ற அளவுக்கு நான் இன்னா லூசா?"