மொட்டை போட்ட கருடன்

ஓசூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கருப்பசாமி மாமாவுக்கு மோகனப்ரியா எழுதிக்கொள்வது. சாத்தூரில் நீங்கள், அத்தை, கன்றுக்குட்டி எல்லோரும் நலமாக இருப்பீர்கள். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் பயம்.

பூங்கொடி அக்காவைப் பெண் பார்க்கத் தளியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை விஜயகுமார் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார். எல்லோருக்கும் எல்லாம் பிடித்திருந்தும், ஜாதகம் பொருந்தவில்லை என்று அவருடைய பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாமியிடமே கேட்டுவிடலாம் என்று இன்று இரண்டு வீட்டாரும் பேரிகைப் பக்கம் ஒரு மலைக்கோயிலுக்கு ஏறினோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றால், கீழே கம்பெனிகளெல்லாம் பனிக்குள் தீப்பெட்டிகளாகக் கிடந்தன. அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு பெரிய பறவைகள் எழுந்தன மாமா. சிறகை அசைக்கவே இல்லை. தூங்கும் குழந்தையைத் தூக்கிப் போவது போலக் காற்று அவற்றை ஏந்திச் சுற்றியது. அந்த நிழல் எங்கள்மேல் போனபோது வெயில் ஒரு கணம் அணைந்தது. எனக்குக் கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"கருடன்! கருடன் சுத்துது பாருங்க! கழுத்துல வெள்ளை தெரியுதில்ல? இதுக்கு மேல என்னங்க ஜாதகம்?" என்று மாப்பிள்ளையின் அம்மா மங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா அழுதேவிட்டாள். பெரியப்பா செருப்பைக் கழற்றினார். அதற்குள் ஒரு பறவை பக்கத்துப் பாறையில் வந்து உட்கார்ந்தது. "ஏம்மா, கருடனுக்குத் தலை மொட்டையா இருக்கு?" என்று கேட்டேன். அம்மா கிள்ளினாள். "திருப்பதிக்குப் போய் முடி எறக்கிட்டு வந்திருக்கும், பேசாம வா புள்ள" என்றார் அப்பா. அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி, வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து நீங்கள் வாங்கித் தந்த பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். மொட்டைத் தலை, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு. பிணந்தின்னிக் கழுகு மாமா! இப்போதெல்லாம் காணவே கிடைக்காதாம். பார்த்துவிட்ட சந்தோஷத்தைக்கூட யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாமல் இருந்து அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கண்ணை மூடினால் அவை சுற்றுகின்றன. அழகாகத்தான் சுற்றுகின்றன, அதுதான் இன்னும் பயம். பதில் எழுதாதீர்கள், அப்பா பிரித்துவிடுவார். அம்மா செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் சொல்லிவிடுகிறேன், இரண்டு கொடுத்தால் வாயைத் திறக்கமாட்டேன்.

அத்தைக்கு வணக்கம், கன்றுக்குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு,
நடுங்கிக்கொண்டிருக்கும் மருமகள்
மோகனப்ரியா

பின்குறிப்பு: அக்கா தூங்கவில்லை மாமா. கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மலை இறங்கும்போதே மாப்பிள்ளை அவளிடம் சொல்லிவிட்டாராம்: "அது கழுகுங்க. நான் சின்னப் பையனா இருக்கறப்ப மாடு செத்தா கூட்டமா வரும். எங்கம்மாவுக்குத் தெரியாததா? பெரியப்பா வாயை அடைக்க ஏதாச்சும் பறந்து வராதான்னு வானத்தைப் பாத்துக்கிட்டேதான் மலை ஏறினாங்க." அதனால் மிஸ்டு கால் வேண்டாம், அத்தையோடு நேரில் வந்துவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் மூச்சுவிடாதீர்கள். சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு, "மொட்டை போட்ட கருடா, என் பொண்ணைப் பாத்துக்கப்பா" என்று வாசலில் நின்று கும்பிட்டாள். அந்தப் பறவையை இதுவரை யார் கும்பிட்டிருப்பார்கள், பாவம். கும்பிடட்டும்.