டிவியைப் பெண் கேட்ட சம்பந்தி

வெற்றிலை பாக்குத் தட்டோடு போய்ப் பழைய டிவியைப் பெண் கேட்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் சம்பந்தி ஒருவர்தான். சந்தேகம் இருப்பவர்கள் ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரை எந்த ஊரிலும் இறங்கி விசாரித்துக்கொள்ளலாம். அவருக்கு அசல் பெயர் ஒன்று இருந்தது. ஆபீசில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பதும் எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு விசித்திரமான நிறுவனத்தில். டிவி, கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனிகள், விற்றதற்கு ஈடாகப் பழசு பட்டதைத் திரும்ப வாங்கி, முறைப்படி பிரித்து, மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். விற்பதில் இருக்கிற சுறுசுறுப்பு திரும்ப வாங்குவதில் அவர்களுக்கு இருக்காது. எனவே அந்தக் கடமையை எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அப்பாவுக்குத் திதி கொடுக்க நேரமில்லாத பிள்ளை எல்லாவற்றையும் வாத்தியாரிடம் விட்டுவிடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் நம் ஜனங்கள் ஓடாத டிவியை லேசில் கொடுத்துவிடுவார்களா? அதன் மேல் துணி போர்த்தி, துணி மேல் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்து, ஓடிய காலத்தில் கொடுக்காத மரியாதையெல்லாம் கொடுப்பார்கள். கேட்டால், "அது எங்கம்மா ஊட்டுச் சீருங்க" என்பார்கள். நாங்கள் நோட்டீஸ் கொடுத்தோம். ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தினோம். ஈயம், பாதரசம் என்று பயமுறுத்தியும் பார்த்தோம். ஒரு ரிமோட்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் இவர் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் கம்பெனி அடையாள அட்டை. "கல்யாணத்துல வந்த பொருளு சார். முறையாப் போயித்தான் கேக்கணும்" என்றார். மறுநாளே தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டு வாசலில் நின்று, "உங்க ஊட்டுல ரொம்ப நாளா ஒரு பொண்ணு சும்மா உக்காந்திருக்குதாமே, கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்" என்பார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் டிவி எங்கள் வேனில் ஏறியிருக்கும்.

அன்றிலிருந்து அந்த வீடு அவருக்குச் சம்பந்தி வீடு. தமிழ் வீட்டில் "சம்பந்தி", கன்னட வீட்டில் "பீகரே", தெலுங்கு வீட்டில் "வியங்குடுகாரு". ஓசூர் சந்தையில் அவரோடு நடந்தால் பத்தடிக்கு ஒரு சம்பந்தி எதிர்ப்படுவார். செவ்வாய், வெள்ளியில் எந்தப் பொருளையும் வீட்டை விட்டுக் கிளப்ப மாட்டார். ராகுகாலம் முடியட்டும் என்று வேனை மத்திகிரி ரோட்டில் நிறுத்திவைத்து டிரைவரின் சாபத்தை வாங்கிக்கொள்வார். போச்சம்பள்ளியில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குத் தட்டோடு போனபோது, பத்திரிகை வைக்க வந்திருக்கிறார் என்று நினைத்து செக்யூரிட்டி நேரே மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"யாருக்குங்க கல்யாணம்?" என்று மேனேஜர் எழுந்து நின்று கேட்டிருக்கிறார்.

"உங்க பழைய பிரிண்டருக்குங்க" என்றாராம் இவர். பிரிண்டர்களோடுதான் திரும்பி வந்தார்.

அவரிடம் ஒரே ஒரு சிக்கல். சம்பந்தி வீட்டுக்காரர்கள் அவரைப் பார்க்கிற இடத்திலெல்லாம், "எங்க டிவி எப்படி இருக்குது?" என்று விசாரிப்பார்கள். அதை எங்கள் ஷெட்டில் பிரித்துப் போட்டு மாதக்கணக்காகியிருக்கும். இவரோ முகம் மாறாமல், "நல்லா இருக்குதுங்க" என்பார். "ஏங்க இப்படிப் புளுகறீங்க?" என்று நான் கேட்டால், "பொண்ணு எடுத்த ஊட்டுல போயி வேற என்னா சார் சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

எங்கள் தொழிலில் ஒரு மகாபாவம் உண்டு. வாங்கிய டிவியைப் பிரிக்காமல் பழுதுபார்த்து செகண்ட் ஹேண்டில் விற்றுவிடுவது. அப்படி யாராவது செய்தது தெரிந்தால் டிவி கம்பெனி ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிடும். அதைச் சரிபார்க்க ஒரு டிவி கம்பெனியின் அதிகாரி பெங்களூரிலிருந்து வந்தார். டிவி கொடுத்த ஏதாவது ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். சம்பந்தி உற்சாகமாகக் கெலவரப்பள்ளி பக்கம் ரத்னம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

தக்காளித் தோட்டத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த ரத்னம்மா எங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, வழக்கம்போலக் கேட்டார்: "எங்க டிவி எப்படி இருக்குதுங்க சம்பந்தி?"

"நல்லா இருக்குதும்மா."

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கா? அப்ப இன்னும் உடைக்கலையா? யார் வீட்ல ஓடிட்டிருக்கு?"

நான் சம்பந்தியின் தொடையைக் கிள்ளினேன். 'உடைச்சாச்சு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வேலையும் பிழைக்கும், எங்கள் ஒப்பந்தமும் பிழைக்கும். சம்பந்தி வாயைத் திறந்தார். எதிரே காப்பித் தட்டோடு நின்ற ரத்னம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க இருந்தாலும் நல்லாத்தாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஷெட்டில் பிரித்துவைத்திருந்த அந்த டிவியின் பின்மூடியைத் தேடிப்பிடித்து, அதில் இருந்த நம்பரைக் காட்டி, ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. அந்த ஆள் இனி எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. நிர்வாகம் அவரைப் பிரிக்கிற ஷெட்டுக்கே மாற்றியது. இதைவிட வேலையை விட்டே நிறுத்தியிருக்கலாம். மேஜையில் வரிசையாக டிவிகள். சுத்தியலை ஓங்குகிறவனைப் பார்த்து, "மெதுவாப்பா, மெதுவா" என்று முதல் நாள் காலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மத்தியானம் சாப்பிடப் போனவர் திரும்பி வரவில்லை. போன் அணைத்தே கிடக்கிறது. கோலார் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று ஒரு பேச்சு. போய்த் தேடினோம், அங்கே இல்லை.

அவர் போனபின் எங்கள் வேன் பாதி நாள் காலியாகத்தான் திரும்புகிறது. நானே ஒருமுறை தட்டை எடுத்துக்கொண்டு போனேன். லோன் பாக்கி கேட்க வந்தவன் மாதிரி நின்றேன் போலிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டார்கள்.

போன மாதம் சந்தையில் ரத்னம்மாவைப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். தக்காளிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டிவிய ஒடைப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? வேன்ல ஏத்துன அன்னிக்கே தெரியும். அவரு வந்து அப்படிச் சொல்றது கேக்க நல்லாருக்கும், அதுக்குத்தான் கேப்பேன்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"பெரிய ஆபீசரு முன்னால சம்பந்தி ஒரு வார்த்த சொல்லிட்டாரு. அத நான் பொய்யின்னு சொன்னா அவருக்கு மரியாதையா இருக்குமா?"

இவர் மனசு நோகக்கூடாதென்று அவரும், அவர் மனசு நோகக்கூடாதென்று இவரும் வாயை மூடிக்கொண்டதில் எங்களுக்கு ஒரு நல்ல மனிதர் இல்லாமல் போனார். யாரைப் போய்த் திட்டுவது?

வெள்ளை வேட்டியோடு, பார்க்கிறவர்களையெல்லாம் சம்பந்தி என்று கூப்பிடுகிற ஒருவரை நீங்கள் எங்காவது பார்த்தால், ரத்னம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம், யாரும் கோபமாக இல்லையாம் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.