துரை பங்களாவில் போன் பூட்டியது

வேலை கிடைக்காதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிடைத்த வேலையைக் குடித்துத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கிடைத்த வேலைக்கு நன்றி சொல்லப் போய், அந்த நன்றியாலேயே வேலையைத் தொலைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். கல்யாண வீடோ சாவு வீடோ, எங்கே போனாலும் என் சொந்தக்காரர்கள் இந்தக் கதையை என்னிடமே சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் கைச்சரக்கைச் சேர்த்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ராகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். (பெயர் வேண்டாம். தோட்டம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான்.) எங்கள் லயம் (ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள்) தோட்டத்து மனேஜர் துரையின் பங்களாவுக்கு நேர் கீழே. அவர் மனைவி துரைசானி அம்மா ரோசாச் செடிக்கு ஊற்றும் தண்ணீர் வடிந்து நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வந்துவிடும். அவ்வளவு கிட்ட இருந்தும், கூப்பிடாமல் யாரும் அந்த மேட்டில் ஏற முடியாது.

நான் ஓ லெவல் பாஸ் பண்ணியவன். இங்கிலீஸும் பாஸ். அதோடு நுவரெலியாவில் ஒரு ரேடியோக் கடையில் ரிப்பேர் வேலை பழகியிருந்தேன். ரெண்டும் சேர்ந்து என் தலைக்கு ஏறியிருந்தது. தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கர் வேலை ஒன்று காலியாக இருந்தது. லயத்துப் பிள்ளை யாரும் அதுவரை அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. துடைத்திருக்கிறார்கள். அந்த வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். ஒற்றைக் காம்பிராவில் அடுப்புப் புகைக்குள் இருமிக்கொண்டே படுக்கும் அம்மாவுக்குத் தனியாக ஒரு குசினி கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். காற்சட்டை போட்டுக்கொண்டு லயத்துக்கு நடுவே நடந்துபோகும் ஆசையும் இருந்தது, அதை ஏன் மறைக்க.

அந்த நேரத்தில்தான் துரையின் மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒரு கோட்லெஸ் போன் கொண்டுவந்தார். வயரில்லாத போன். டவுனில் போன் வேலை செய்கிறவர்கள் அதைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். யாரோ என் பெயரைச் சொல்ல, அதைப் பூட்டிக் கொடுக்க எனக்கு ஆள் வந்தது. (ஒன்றைப் பொருத்துவதை நாங்கள் பூட்டுவது என்போம்.)

நான் அதற்கு முன் அப்படி ஒரு போனைக் கண்ணால் கண்டதில்லை. அதைச் சொல்வேனா? பெட்டியோடு வந்த இங்கிலீஸ் புத்தகத்தை ரெண்டு தரம் படித்தேன். கரண்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமரை வைத்தேன். போன் லைனைக் கொண்டுவந்து அடிப்பெட்டியில் கொடுத்து, கையில் பிடிக்கிற பகுதியை அதன் மேல் படுக்கவைத்து ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற விட்டேன். மறுநாள் துரை அதை எடுத்துக்கொண்டு நாயோடு புல்தரையில் இறங்கி நடந்தார். ரோசாப் பாத்தியைத் தாண்டியதும் சத்தம் செத்துவிட்டது.

"எனக்கு கேட் வரைக்கும் பேசணும். முடியுமா உனக்கு?" என்றார்.

"செஞ்சிறலாம் தொரைங்களே" என்றேன்.

முடியாது என்று சொல்லியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும். என் மூளை விடவில்லை. அடிப்பெட்டியின் ஏரியலில் செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, கூரைமேல் ஏற்றி, புல்தரையின் கீழ்க் கோடியில் நின்ற கொய்யா மரம்வரை இழுத்துக் கட்டினேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் லயத்துத் தகரம் தெரியும். துரை கேட்டுக்குப் போனார், பேசினார், கேட்டது. "வெரி குட்" என்றார். என்னைக் குசினிப் பக்கம் அனுப்பித் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். பங்களாச் சமையல்காரன் அப்பு கைப்பிடி உடைந்த கோப்பையில் கொண்டுவந்து வைத்தான். அதுகூட அன்றைக்கு இனித்தது.

அந்தியில் அப்பா ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். (பற்றரியை வெயிலில் காயவைத்துத்தான் அது பாடும்.) முள் வலது கோடிக்குப் போனதும் கரகரப்புக்குள்ளிருந்து "ஹலோ, ஹலோ" என்று துரையின் குரல் வந்தது. அப்பா சட்டென்று எழுந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் கைகட்டி நின்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து முந்தானையைச் சரிசெய்தாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் கட்டிய கம்பிதான் துரையின் பேச்சை இங்கே இறக்குகிறது என்று விளக்கினேன். அப்பா நம்பாமல் பக்கத்துக் காம்பிராவில் போய்ச் சொன்னார். அவர்கள் ரேடியோவிலும் கேட்டது. அன்றைக்குப் படுக்குமுன் லயம் முழுக்க எல்லா முள்ளும் வலது கோடியில் நின்றது.

அதன்பிறகு அந்தியில் யாரும் பாட்டுக் கேட்கவில்லை. துரை சொந்தக்காரரோடு சிங்களத்தில் பேசுவார், சிங்களம் எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெரிய கிளாக்கரோடு பாதி தமிழில் பேசுவார். கொழும்பு ஆபீஸோடு இங்கிலீஸ், அதற்கு நான் இருந்தேன். துரைசானி அம்மாவுக்குப் பல்வலி. நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது. நுவரெலியாவில் குதிரைமேல் பணம் கட்டித் தோற்றதாகச் சொந்தக்காரரிடம் புலம்பிவிட்டு, அதே நாள் மழையில் மலை மலையாக நடந்தேன் என்று கொழும்புக்குச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தி. துரை பெரிய கிளாக்கரோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் காம்பிரா வாசலில் கூட்டம். திடீரென்று துரை சொன்னார்:

"அந்த சின்னக் கிளாக்கர் வேலைக்கு வேற ஆள் தேட வேணாம். சவரிமுத்து மகனைப் போடுங்க. ரேடியோ செய்யிற பயல். கெட்டிக்காரன்."

"சரி சேர். முதலாந் திகதியில இருந்தே எடுப்பம்" என்றார் பெரிய கிளாக்கர்.

சவரிமுத்து என் அப்பா. அம்மா அழ ஆரம்பித்தாள். பாக்கியம் அத்தை (பக்கத்துக் காம்பிரா, வாய்க்கு வேலி கிடையாது) என் கன்னத்தைக் கிள்ளி, "இனி எங்கள எல்லாம் யாருன்னு கேப்படா" என்றாள். தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவர் ராமையா அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அந்தி மாதிரி ஒரு சந்தோசம் எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

அப்பா மட்டும் அடுத்ததை யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளான்னைக்கு ஞாயித்துக்கெழம. போயி மால போட்டுட்டு வந்துருவோம்" என்றார்.

தோட்டத்தில் அது வழக்கம். துரை ஒரு நல்லது செய்தால் தட்டோடு போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் திமிர் பிடித்தவன் என்று பெயர். அந்த நல்லது நமக்கு எப்படித் தெரியவந்தது என்று லயத்தில் ஒருவருமே யோசிக்கவில்லை. ஓ லெவல் பாஸான நானும் யோசிக்கவில்லை. யாரிடம் காற்சட்டை இரவல் வாங்கலாம் என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து நாலு பேராகப் போனோம். அப்பா, நான், தலைவர், பாக்கியம் அத்தை. அம்மா கட்டிய சாமந்தி மாலை, ஒரு சீப்பு வாழைப்பழம், எலுமிச்சை, வெற்றிலை. துரை இஸ்தோப்பு வராந்தாவில் கோட்லெஸ் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா படியேறிப் போய் மாலையைப் போட்டுவிட்டு, திரும்ப இறங்கி வந்து கீழே நின்றார். துரை மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தபிறகுதான் "என்ன விசயம்?" என்று கேட்டார். (துரைமார் முதலில் மாலையை வாங்கிக்கொள்வார்கள், காரணம் பிறகுதான்.)

"மகனுக்கு ஆபீஸ்ல வேல போட்டுக் குடுத்தீங்களே தொரை. எங்க பரம்பரைக்கே வெளிச்சம் காட்டிட்டீங்க."

துரைக்குக் கொஞ்சம் ஆச்சரியம். "யார் சொன்னது? பெரிய கிளாக்கரா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் அப்பாவுக்குப் பொய் வராது.

"அவரு ஒண்ணும் சொல்லலீங்க. தொரை வாயாலயே கேட்டோமுங்க."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம அந்திங்க" என்று தலைவர் உதவிக்கு வந்தார். "மேமலையில கவ்வாத்து தள்ளிப் போடச் சொன்னீங்கள்ல, அதுக்கு அடுத்தாப்புலதான்."

துரை போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் இன்னும் பிடித்துக்கொள்ளவில்லை. அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"தொரைசானி அம்மாவுக்குப் பல்வலி தேவலைங்களா? கிராம்ப வச்சுக் கடிக்கச் சொல்லுங்க தொரை. கண்டி டாக்டரு புடுங்கணும்னு சொன்னாருன்னு புடுங்கிறாதீங்க. நாய் இப்ப திங்குதுங்களா?" அதோடு நிறுத்தினாளா? "குதிர போனாப் போகுது, விடுங்க தொரை. அடுத்த சீசனுக்குப் பாத்துக்கலாம்" என்று ஆறுதலும் சொன்னாள்.

துரையின் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் என் பக்கம் திரும்பியது.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். நான் ஓர் அடி முன்னால் வந்தேன். ஆபீஸ்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி, முதல் தடவையாக, அவரை "சேர்" என்று கூப்பிட்டேன்.

"வெரி சிம்பிள் சேர்" என்று தொடங்கினேன். அடிப்பெட்டி எப்படிக் குரலைக் காற்றில் விடுகிறது, என் கம்பி அதை எப்படிக் கொய்யா மரம்வரை கொண்டுபோகிறது, ரேடியோவின் வலது கோடியில் அது எப்படி வந்து விழுகிறது என்று கையை ஆட்டி விளக்கினேன். லயத்துத் தகரத்தைச் சுட்டிக் காட்டினேன். "எல்லா ரேடியோவுலயும் கிளியரா கேக்குது சேர். கொழும்புக்குப் பேசுறதுகூட" என்றேன். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப இருந்து?"

"பூட்டின அன்னையில இருந்தே சேர்" என்றேன், பொருளுக்குக் கேரண்டி கொடுக்கிற குரலில்.

துரை கத்தவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியின் கையில் போட்டார். "வயரை அவுரு" என்றார். கூரையில் ஏறி என் கம்பியை நானே அவிழ்த்தேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். போனைப் பெட்டிக்குள் வைத்து நூலால் கட்டிக் கொடுத்தேன். போகலாம் என்று துரை கையைக் காட்டினார். அப்பாவுக்கு அப்போதும் விளங்கவில்லை.

"அப்ப மகன் முதலாந் திகதி வரலாமுங்களா?"

"எந்த வேலைக்கு?" என்றார் துரை. "நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல."

லயமே கேட்ட வார்த்தை. அதைச் சொல்லவே இல்லை என்று எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். தலைத்துண்டு கக்கத்தில் இருக்க அப்பா, "சரிங்க தொரை" என்றார்.

ஆபீஸ் நாற்காலியில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்தார். அப்பாவுக்குத் திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கும் பெரட்டிலேயே தூரத்து மலை விழுந்தது, வேலைக்காலம் முடியும்வரை அந்த மலைதான். அம்மா கடைசிவரை அதே புகைக்குள்தான் சமைத்தாள். தலைவர் என்னைத் தேற்ற வந்தவர், "வேல போனா வேற வரும்டா. அந்த நாய் சோறு தின்னுச்சா இல்லையான்னே தெரியாமப் போச்சே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

எனக்குத் துரைமேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். எங்கள் காம்பிராக் கதவுகளுக்குப் பூட்டு கிடையாது. யார் முழுகாமல் இருக்கிறாள், யார் குடித்துவிட்டு விழுந்தான், யார் வீட்டில் அடிதடி, எல்லாம் விடியுமுன் ஆபீஸுக்குப் போய்விடும். அதைக் கேட்டதற்காக ஆபீஸில் யாரும் வெட்கப்பட்டதில்லை. அவர் வீட்டுப் பல்வலி ஒன்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் குற்றமாகிப் போனது. அப்பாவிடம் இதைச் சொன்னால் அவர் காதில் ஏறாது. "நன்றி சொன்னது தப்பாடா?" என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ராகலை டவுனில் ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டேன், கல்யாணம் கட்டினேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கு நல்லது நடந்தாலும், பரீட்சை பாஸோ, பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்ததோ, முதலில் ஒருவர் சொல்வது "இப்பவே மாலையக் கட்டிறாதீங்க" என்பதுதான். சொல்லிவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன வருஷம் என் மகளுக்கு ஆசிரியர் வேலை சரியாகிவிட்டதாகப் போனில் தகவல் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் உத்தியோகம். அவள் குதித்துக்கொண்டு ஓடிவந்து என் முன்னால் நின்றாள். நான் வாயைத் திறக்குமுன் குசினியிலிருந்து என் மனைவி, "இப்பவே மாலையக் கட்டிறாதீங்க" என்றாள். மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் மகள் அங்கேயே நின்றாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நியமனக் கடிதம் கையில் வரும்வரை நான் அவளுக்கு ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை.