நண்டுக்கறியில் முதல் வாய்

நண்டு சோற்றுப் பீங்கானில் வந்து விழுந்தபோது அன்ரோ கண்ணை மூடிக்கொண்டான். திறக்கும்போது அது இல்லாமல் போயிருக்கும் என்று ஒரு நப்பாசை. திறந்தான். இருந்தது. முருங்கையிலை ஒன்று முதுகில் ஒட்டியிருக்க, பெரிய காலை அவன் பக்கம் நீட்டி வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க தம்பி," என்றார் சர்மிலாவின் அம்மா றஜனி. "நண்டெண்டா உங்களுக்கு உசிரெண்டு பிள்ள சொன்னா."

பிள்ளை சொன்னது சரி. பிள்ளைக்குச் சொன்னது அன்ரோதான். ஒருநாள் தொலைபேசியில், "நீங்க நண்டு சாப்பிடுவீங்களா?" என்று சர்மிலா கேட்டாள். கேட்கும்போது அவள் குரல் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கத்தில் சொக்கிப்போனவன், "நண்டெண்டா உயிர்" என்று சொல்லிவிட்டான். அந்தக் குரலில் முதலையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

உண்மை என்னவென்றால், அன்ரோ நண்டைத் தொட்டு இரண்டு வருஷமாகிறது. வாயால் தொட்டு, என்று சொல்ல வேண்டும். கையால் தினமும் தொடுகிறான். வந்தாறுமூலை கெம்பஸில் அவன் ஆராய்ச்சி மாணவன். வாவியில் பிடிபடுகிற நண்டிலும் இறாலிலும் விப்ரியோ என்ற கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவன் வேலை. நண்டைத் துடைத்த பஞ்சைப் பச்சை ஜெலி ஊற்றிய தட்டில் இழுத்து, சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனால், மறுநாள் தட்டெல்லாம் மஞ்சள் பொட்டுகள் பூத்துக் கிடக்கும். பார்க்க அழகுதான். யன்னலோரம் நின்று அந்தத் தட்டை வெயிலில் பிடித்தபடி அவன் கனவு கண்டதும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு எந்த நண்டைக் கண்டாலும் அந்தப் பொட்டுகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. நன்றாகக் கொதித்த சட்டியில் விப்ரியோ தப்பாது என்பது அவன் மூளைக்குத் தெரியும். தொண்டைக்குத் தெரியாது.

அந்தத் தொண்டை இன்றைக்குத் திறந்தாக வேண்டும். அடுத்த கிழமை அன்ரோவின் வீட்டார் கலியாணம் பேச வருகிறார்கள். அதற்கு முன்னால் தம்பி ஒருக்கால் வந்து எங்கட கையால் சாப்பிட்டுப் போகட்டும் என்று சர்மிலாவின் அப்பா அல்பேட் சொல்லியனுப்பியிருந்தார். அல்பேட் நண்டு பிடிக்கிறவர். நண்டு பிடிக்கிறவர் வீட்டில் நண்டை ஒதுக்குகிறவனுக்குப் பெண் எப்படிக் கிடைக்கும்? சர்மிலா இல்லாத ஒரு வாழ்க்கையை அன்ரோ நினைத்துப் பார்த்தான். நெஞ்சு வலித்தது. பீங்கானைப் பார்த்தான். வயிறும் வலித்தது.

இந்த ஊருக்குள் நுழைந்ததிலிருந்தே எல்லாம் கனவு மாதிரித்தான் இருந்தது. பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செங்கலடியில் பஸ் ஏறி, பட்டணத்தில் மாறி, களுவாஞ்சிக்குடிக்கு இப்பால் இறங்கி வாவிக்கரையோடு நடந்து வந்தான். ஒரே ஒரு தோணி மட்டும் ஈரமாக நின்றது. மற்றவையெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வேலிகளில் தொங்கிய நண்டு வலைகளில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலைக்குள் வலை, என்ன அழகு என்று நின்று பார்த்துவிட்டு நடந்தான். ஒழுங்கையில் எந்த வீட்டைத் தாண்டினாலும் நண்டுக்கறி மணந்தது. ஒரு வீட்டில் மணக்கலாம், இரண்டு வீட்டில் மணக்கலாம். எல்லா வீட்டிலும் எப்படி மணக்கும்? பயத்தில் மூக்கும் கனவு காணத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி, பாத்துக்கொண்டே இரிக்கிறீங்க?" என்றார் அல்பேட். அவர் உட்காரவில்லை. றஜனியும் உட்காரவில்லை. சர்மிலா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மூன்று பேரும் அவன் கையையே பார்த்தார்கள்.

"கொஞ்சம் ஆறட்டும் அங்கிள்."

"ஆறட்டும், ஆறட்டும்."

அன்ரோ சோற்றைப் பிசைந்து கத்தரிக்காய்ப் பால்கறியோடு சாப்பிட்டான். பருப்போடு சாப்பிட்டான். கை நண்டுப் பக்கம் போனால் றஜனி மூச்சைப் பிடித்தார். கை சம்பலுக்குத் திரும்பினால் மூச்சை விட்டார். இரண்டு தடவை இப்படி நடந்ததும், கையைப் பார்த்து மாப்பிள்ளை எடுக்கிற வழக்கம் இந்தப் பக்கம் உண்டோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

யன்னலில் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு பீற்றிஸ்.

"என்னகா றஜனி, தின்னாரா?"

"இன்னும் இல்லகா. ஆறட்டுமாம்."

தலை மறைந்தது. வேலிக்கு அப்பால் யாரோ யாரிடமோ, "ஆறட்டுமாம்" என்று சொல்வது கேட்டது. அது இன்னும் ஒருவர் வாய் மாறி, ஒழுங்கையோடு தேய்ந்துகொண்டே போனது. நல்ல ஊர், பெண் கொடுப்பதென்றால் எல்லாருக்கும் எவ்வளவு அக்கறை என்று அன்ரோ நினைத்தான்.

இதே அக்கறையில்தான் அவன் முதலில் விழுந்தான். நாலைந்து மாதத்துக்கு முன்னால், கடலுணவும் கிருமியும் பற்றிப் பேச இந்த ஊர்க் கோயில் மண்டபத்துக்கு வந்திருந்தான். சுவரில் படம் படமாகக் காட்டினான். பூதம் மாதிரிப் பெருப்பித்த விப்ரியோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற மனிதன், சேலைன் போத்தல். சனம் வாயைத் திறந்தபடி கேட்டது. கடைசிப் படத்துக்கு முன்னால், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிற ஒரு பெண் எழும்பி வந்து அவனுக்கு ஒரு சோடா நீட்டினாள். அவள்தான் சர்மிலா. அன்ரோ சோடாவை வாங்கினான், அவளைப் பார்த்தான், நன்றி என்றான், மேடையை விட்டு இறங்கிவிட்டான். கடைசிப் படம் கணினிக்குள்ளேயே கிடந்தது. அன்றைக்கு என்ன பேசினோம் என்று கேட்டால் அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சோடா ஒரேஞ் நிறம் என்பது ஞாபகமிருக்கிறது.

"ஆறியிரிக்கும் தம்பி," என்றார் அல்பேட்.

அன்ரோவுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாரும் சாப்பிடத் தொடங்கினால் தன்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

"நீங்களும் இரிங்களன் அங்கிள். சேர்ந்து சாப்பிடுவம். தனியச் சாப்பிட எனக்கு ஒரு மாதிரி."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். சோறு போட்டார்கள், பருப்பு போட்டார்கள். நண்டுச் சட்டி நடுவில் தனியாக இருந்தது.

"நண்டு எடுங்க அங்கிள்."

"எனக்குப் பல்லுக் குத்து தம்பி."

"அன்ரி?"

"எனக்கு வாயுகா... தம்பி." தடுமாறியதில், பெண்களுக்குள் கூப்பிடுகிற 'கா'வை அவனுக்கே போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சர்மிலா?"

"நான் நேத்தி வச்சிரிக்கன்," என்றாள் சர்மிலா. எந்தக் கோயில் அந்தோனியாருக்கு, எதற்கு என்று அவள் சொல்லவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அல்பேட் தொண்டையைச் செருமினார். அவள் குனிந்துகொண்டாள்.

அன்ரோவுக்குக் கண் கலங்கியது. இருக்கிற நண்டு முழுவதையும் வரப்போகிற மருமகனுக்கு விட்டுக்கொடுக்க மூன்று பேரும் பொய் சொல்கிறார்கள்! இப்படிப்பட்ட குடும்பத்தை ஏமாற்றுவதா? ஏமாற்றத்தான் வேண்டியிருந்தது. வாவியில் பட்ட வெயில் யன்னல் வழியே வந்து கூரையில் நெளிந்தது. அவர்கள் மூன்று பேரும் ஒரு கணம் அதை அண்ணாந்து பார்த்தபோது, அன்ரோ நண்டை மேசைக்குக் கீழே விட்டான். அங்கே ஒரு பூனை இருந்தது. அது அவனைப் போல யோசிக்கிற பூனை இல்லை. கவ்விக்கொண்டு யன்னலுக்குப் பாய்ந்தது.

"ஐயோ, பூனை!" என்று றஜனி கத்தினார்.

யன்னலில் பீற்றிஸின் தலை மறுபடி முளைத்தது. "பூனை தின்னிது! எல்லாத்தையும் தின்னிது! ஒண்டும் நடக்கல்ல, நல்லாத்தான் இரிக்கு!"

"பூனையக் கணக்கில சேக்கேலாது பீற்றிஸ்," என்றார் அல்பேட் கண்டிப்பாக. "பூனை என்ன படிச்சதா?"

பூனையின் படிப்பை ஏன் விசாரிக்கிறார்கள் என்று அன்ரோவுக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள் முன்னதைவிடப் பெரிய நண்டு ஒன்று அவன் பீங்கானில் வந்து விழுந்தது. இதற்கு இரண்டு கால்களும் பெரிது.

இனி ஒரே ஒரு வழிதான். நேரத்தை இழுக்க வேண்டும். அன்ரோ முதுகை நிமிர்த்தி, ஆராய்ச்சிக்காரனின் குரலை எடுத்தான்.

"அன்ரி, இத எவ்வளவு நேரம் அடுப்பில வச்சீங்க?"

றஜனியின் முகம் வெளிறியது. அவர் எழும்பி, அவன் பீங்கானிலிருந்த நண்டை எடுத்துச் சட்டியில் போட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பீற்றிஸின் தலை யன்னலிலிருந்து விழுந்த மாதிரி மறைந்தது. வெளியே கால்கள் ஓடின. பிறகு அன்ரோ கேட்டது அவன் வாழ்நாளில் கேட்டிராத ஓசை. அடுத்த வீட்டில் ஒரு சட்டி அடுப்பில் ஏறியது. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. அதற்கும் அப்பால், ஒழுங்கையின் கடைசி வரைக்கும், சட்டி சட்டியாக ஏறிக்கொண்டே போனது. வாவியின் மேல் மெல்லிய புகை பரவி, எதிர்க்கரைத் தென்னைகள் அதற்குள் மிதந்தன. நான் முழித்திருக்கிறேனா என்று அவன் தன் தொடையைக் கிள்ளிப் பார்த்தான்.

சட்டி திரும்பி வந்தது. குமிழி விட்டுக் கொதித்துக்கொண்டே வந்தது. நண்டு மூன்றாவது தடவையாக அவன் முன்னால் உட்கார்ந்தது.

கடைசியில் அல்பேட்தான், உடைந்த குரலில் சொன்னார்.

"தம்பி, உங்களுக்கு ஏலாட்டி விடுங்க. வற்புறுத்தல்ல. நாங்க விளங்கிக்கொள்ளுவம். வேற வழி பாத்துக்கொள்ளுவம்."

வேற வழி! வேற மாப்பிள்ளை! சர்மிலாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சோற்றில் விழுந்தது. அதைப் பார்த்ததும் அன்ரோவுக்குத் தன் தொண்டை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு வருஷம் உன் சொல் கேட்டேன், இனிக் கேட்கமாட்டேன் என்று அதற்குச் சொல்லிவிட்டு, பெரிய காலை முறித்தான். கண்ணை மூடினான். மஞ்சள் பொட்டுகள் வந்தன. அவை அசைந்து, விரிந்து, பூக்களாகி, ஒன்றொன்றாகத் தண்ணீரில் மிதந்து போயின. கடித்தான். உறிஞ்சினான்.

தேங்காய்ப்பால். மிளகு. முருங்கையிலை. அதற்கெல்லாம் அடியில், அவன் மறந்தே போயிருந்த அந்த இனிப்பு. இதைவிட்டு எப்படி இரண்டு வருஷம் இருந்தோம் என்று தன்னை நினைத்து அவனுக்கே பாவமாக இருந்தது. நன்றாக வேகவைத்தால் என்ன பயம்? இதைத்தானே அவனே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தான்! எங்கே எழுதினோம் என்று யோசித்தான். கடைசிப் படத்தில். அதை எப்போது காட்டினோம் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

"அன்ரி," என்றான் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ஒரு துண்டு போடுங்க."

துண்டு வரவில்லை. கண்ணைத் திறந்தான். பல்லுக் குத்து என்ற அல்பேட் ஒரு முழு நண்டைக் கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தார். வாயு என்ற றஜனி இரண்டாவது நண்டுக்காலில் இருந்தார். நேர்த்தி வைத்த சர்மிலா, வாய் நிறைய நண்டோடு, கண்ணில் நீரோடு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

யன்னலில் பீற்றிஸின் தலை இருந்தது. ஆனால் அது இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒழுங்கைப் பக்கம் திரும்பி, எதிர்க்கரைக்கும் கேட்கிற குரலில் கூவியது:

"ஏய், எல்லாரும் சட்டிய இறக்குங்க! அண்டைக்கு மண்டபத்தில பயங்காட்டி ஊரையே நண்டு தின்னாமப் பண்ணின மாப்பிள்ளை, இண்டைக்கு அவரே தின்னிட்டாரு!"